திரும்பிப் போன ஊர்கள்

2024 டிசம்பர் முதல் வாரம். ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில் தென்பெண்ணை கரைபுரண்டு ஓடியது. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த ஒரு கிராமத்து மக்கள் சென்னை – திருச்சி நெடுஞ்சாலையில் மறியலில் உட்கார்ந்தார்கள். பார்க்க வந்த அமைச்சர் மீது சேறு விழுந்தது. அன்று முழுக்கத் தொலைக்காட்சியில் அந்தக் காட்சிதான். ஊரின் பெயர் இருவேல்பட்டு.

செய்தி பார்த்தவர்களில் பலரும் அந்தப் பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டிருப்பார்கள். ஊர்களைப் பற்றிய ஆய்வுகளைப் படித்து வளர்ந்தவர்களுக்கோ அது நெடுநாள் பழகிய பெயர். 1916இல் அந்த ஊரின் நிலம், மாடு, கடன், கூலி எல்லாவற்றையும் ஒருவர் எழுதி வைத்தார். அதன் பிறகு 1936–37இல், 1980களின் தொடக்கத்தில், 2008இல் என்று ஆய்வாளர்கள் மறுபடி மறுபடி அங்கே போயிருக்கிறார்கள். ஒரே ஊருக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் திரும்பத் திரும்பப் போய் எழுதிய கணக்கு உலகத்திலேயே அதிகம் இல்லை.

இதைத் தொடங்கி வைத்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலின் முதல் பேராசிரியராக 1915இல் வந்தவர். அதற்கு முன் ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்கள் படிப்பதற்கென்று ஏற்பட்ட ரஸ்கின் கல்லூரியின் முதல்வர். பொதுநிலங்களை வேலியடைத்துத் தனியுடைமை ஆக்கியபோது இங்கிலாந்தின் குடியானவர்கள் என்ன ஆனார்கள் என்பதைப் பற்றி 1907இல் புத்தகம் எழுதியவர். ஆகவே கிராமம் என்றதும் யாருக்கு நிலம் இருக்கிறது, யாருக்குப் போயிற்று என்ற கேள்வி அவருக்குத் தானாக வந்திருக்கிறது. இங்கே வந்து பார்த்தால் பொருளியல் மாணவர்கள் பிரிட்டிஷ் பாடப்புத்தகங்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். விடுமுறைக்குச் சொந்த ஊருக்குப் போகிறவர்கள் அந்த ஊரைக் கணக்கெடுத்து வரட்டும் என்று ஒரு வினாப்பட்டியலைக் கையில் கொடுத்து அனுப்பினார் ஸ்லேட்டர். அப்படி வந்த அறிக்கைகள் 1918இல் 'சில தென்னிந்தியக் கிராமங்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் நூலாயின. தமிழ்நாட்டில் ஐந்து ஊர்கள்: பெண்ணையாற்றங்கரை இருவேல்பட்டு, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் மாமண்டூர் ஏரியின் கீழ் இருக்கும் தூசி, காவிரிக் கடைமடையில் பாலக்குறிச்சி, சிவகாசி வட்டாரத்து வடமலாபுரம், நெல்லைச் சீமையின் கங்கைகொண்டான்.

ஏறக்குறைய அதே நேரத்தில் புனே பக்கம் ஹரால்ட் மான் என்ற வேளாண் வேதியியலாளர் பிம்ப்ளா சௌதாகர் என்ற ஊரை அளந்து 1917இல் எழுதினார். மண்ணைச் சோதிக்கப் போனவர் அந்த மண்ணில் உழுகிறவனின் கடனையும் சேர்த்து எழுதிக்கொண்டு திரும்பினார். வேதியியலுக்கும் பொருளியலுக்கும் நடுவே அன்றைக்கு யாரும் சுவர் எழுப்பியிருக்கவில்லை.

ஸ்லேட்டரின் மாணவர்கள் பெரும்பாலும் நிலமும் படிப்பும் இருந்த குடும்பத்துப் பிள்ளைகள். தங்கள் தெருவில் நின்று ஊரைப் பார்த்தார்கள். அவர்கள் எழுதியதில் சேரிப் பக்கம் தூரத்துக் காட்சியாகத்தான் தெரிகிறது. ஆனாலும் இருவேல்பட்டின் படியாட்களை அவர்கள் பதிவு செய்யத் தவறவில்லை. கூலியைப் படியில் அளந்து வாங்குகிறவர் படியாள். தகப்பன் வாங்கிய கடனுக்கு மகன் அதே வீட்டில் உழைக்க வேண்டும். கடன் தீராது, ஆள் விடுபட முடியாது. நூறாண்டு கழித்து அந்த முறை எப்படிப் போயிற்று என்று நாம் கேட்க முடிகிறது என்றால், அது இருந்தது என்று அன்றைக்கு ஒருவர் எழுதி வைத்ததுதான் காரணம்.

இருபதாண்டு கழித்து, பேராசிரியர் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு ஆள் அனுப்பினார்கள். இடையில் உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை படுத்துவிட்டிருந்தது. வாங்கிய கடன் ரூபாயில் அப்படியே நின்றது. அதை அடைக்க விற்க வேண்டிய நெல்லோ முன்னைவிட மிக அதிகம். 1940இல் வந்த அந்த மறுஆய்வைப் படிக்கையில், பக்கத்தில் 1918 நூலையும் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். தனித்தனியே படித்தால் இரண்டும் வெறும் கணக்கு. சேர்த்துப் படிக்கும்போதுதான் ஒரு தலைமுறை நிலத்தை விட்டு நகர்வது தெரிகிறது.

1950களில் மானிடவியலாளர்கள் வந்தார்கள். இவர்களுடைய வழி வேறு. வினாப்பட்டியலை நீட்டாமல் ஊரிலேயே ஒரு வருஷம், இரண்டு வருஷம் தங்கிவிடுவது. கேத்லீன் கஃப் 1951 முதல் 1953 வரை தஞ்சையில் இரண்டு ஊர்களில் களப்பணி செய்தார். ஆந்த்ரே பெத்தேய் 1961–62இல் தஞ்சைக் கிராமம் ஒன்றின் அக்ரகாரத்தில் வீடெடுத்துத் தங்கினார். அக்ரகாரம், குடியானத் தெரு, சேரி மூன்றுக்கும் நடுவே சாதியும் வர்க்கமும் அதிகாரமும் எப்படிப் பிரிந்து போகின்றன என்று 1965இல் அவர் எழுதிய நூல் இன்றும் பாடமாக இருக்கிறது. அக்ரகாரத்தில் தங்கியதாலேயே மற்றத் தெருக்களை அணுகுவது தனக்குக் கடினமாயிற்று என்பதையும் அவர் மறைக்கவில்லை. அந்த நேர்மையை நான் பெரிதாக மதிக்கிறேன். எந்தத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தோம் என்று சொல்லாத ஆய்வை நம்புவது கடினம்.

இந்த இரண்டு மரபுகளுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. மானிடவியலாளர்கள் ஊருக்குப் புனைபெயர் வைத்தார்கள். கஃப் எழுதிய கும்பாபேட்டையையும் பெத்தேயின் ஸ்ரீபுரத்தையும் வரைபடத்தில் தேட முடியாது. நம்பிப் பேசிய மக்களைக் காப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. தவறு சொல்ல முடியாது. ஆனால் புனைபெயர் வைத்த ஊருக்கு, வைத்தவரே திரும்பிப் போனால்தான் உண்டு. கஃப் 1976இல் போனார். பொருளியலாளர்கள் ஊரின் சொந்தப் பெயரையே அச்சிட்டதால் முகம் தெரியாத அடுத்த தலைமுறையும் பேருந்து ஏறி அங்கே இறங்க முடிந்தது. ஊரின் பெயரைச் சொல்லி, வீட்டுக்காரர் பெயரை மறைப்பதே நல்ல வழி என்று எனக்குப் படுகிறது.

குறிப்புகள் எரிந்துபோனதிலும் ஒரு பெரிய நூல் பிறந்தது. எம். என். சீனிவாஸ் மைசூருக்குப் பக்கத்து ராம்புராவில் 1948இல் தங்கி எழுதிய குறிப்புகளைப் பல ஆண்டுகளாக வகைப்படுத்திச் சேர்த்திருந்தார். 1970 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டில் அவர் வேலை செய்த இடத்துக்கு யாரோ தீ வைத்தார்கள். அந்தக் குறிப்புகளின் மூன்று பிரதிகளும் எரிந்தன. நினைவிலிருந்தே ஊரை எழுதினார். 1976இல் நூல் வந்தது. மனிதர்கள் அந்த நூலில் உயிரோடு நடமாடுகிறார்கள். அட்டவணை கையில் இருந்திருந்தால் அப்படி எழுதியிருப்பாரா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எம்.ஏ. படித்த காலத்தில் டெல்டாவில் ஒரு கணக்கெடுப்புக்குப் போனேன். கையில் 'ஷெட்யூல்' என்கிற பல பக்கத் தாள். நிலத்தை ஏக்கரில் எழுத வேண்டும்; அங்கே யாரும் ஏக்கரில் பேசுவதில்லை. மா, குழி, வேலி. நூறு குழி ஒரு மா, மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. வடக்கே போனால் காணி வந்துவிடும், கணக்கு மாறிவிடும். மனக்கணக்குப் போட்டபடியே ஒரு வீட்டுத் திண்ணைக்கு வந்தேன். மகன் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். தாயாரின் தொழில் என்ன என்றேன். "அம்மா வீட்டோடதான்" என்றார். வீட்டு வேலைக்குரிய எண்ணைக் கட்டத்தில் எழுதினேன்.

எழுதிவிட்டு நிமிர்ந்தபோது அந்த அம்மா காலை நீட்டி உட்கார்ந்து அரைத்த மருதாணியை விரலிடுக்கில் அப்பிக்கொண்டிருந்தார். சேற்றுப்புண். வெள்ளை வெளேரென்று ஊறி, தோல் பிய்ந்து கிடந்தது.

"என்ன பாட்டி இது?"

"நடவுல நின்னா வராதா தம்பி? நாப்பது நாளா சேத்துலதான நிக்கிறேன்."

தாளில் எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். அந்த வீட்டில் அடித்துத் திருத்தினேன் சரி, அதற்கு முன் முடித்த வீடுகளில் எத்தனை பேரை இப்படி வீட்டோடு உட்கார வைத்தேனோ என்ற உறுத்தல் இன்னும் போகவில்லை.

ஜோன் மென்சரும் கே. சாரதாமணியும் நெல் சாகுபடியில் பெண்கள் உழைப்பைப் பற்றி 1982இல் ஒரு கட்டுரை எழுதியிருந்தார்கள். சேறு படிந்த கால்கள், அழுக்கேறிய கைகள் என்பது தலைப்பு. திரும்பி வந்த பிறகுதான் அதைத் தேடிப் படித்தேன். நாற்று நடுவதும் களை பறிப்பதும் அறுப்பதும் யார், எத்தனை நாள் என்று பெண்களிடமே கேட்டு எழுதிய ஆய்வு. அதுவரை பல ஆய்வுகள் வீட்டுத் தலைவரைத்தான் கேட்டன. வீட்டுத் தலைவர் என்றால் ஆண். கேள்வியை யாரிடம் கேட்கிறோம் என்பது மாறினால் விடையும் மாறிவிடுகிறது.

பசுமைப் புரட்சிக் காலத்தில் பல துறையாளர்கள் ஒரே குழுவாகக் களமிறங்கினார்கள். கேம்பிரிட்ஜின் புவியியலாளர் பி. எச். ஃபார்மர் தலைமையில் 1973–74இல் வட ஆற்காடு மாவட்டக் கிராமங்களிலும் இலங்கையின் அம்பாந்தோட்டையிலும் ஒரே நேரத்தில் ஆய்வு நடந்தது. புவியியல், பொருளியல், மானிடவியல், வேளாண்மை எல்லாம் ஒன்றாக உட்கார்ந்தன. 1977இல் வந்த அவர்களது நூலின் தலைப்பிலேயே பசுமைப் புரட்சிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கிறது. புது ரக நெல் அரசுக் கணக்கு சொன்ன அளவுக்கு வயலில் பரவியிருக்கவில்லை என்று நேரில் பார்த்தவர்கள் வைத்த கேள்விக்குறி. அடுத்த பத்தாண்டில் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் துணையோடு அங்கே மறுஆய்வு நடந்தபோது நிலைமை மாறியிருந்தது. 1991இல் வந்த அந்த நூல் சிறு விவசாயிகளுக்கும் கூலிக்காரர்களுக்கும் பலன் கிடைத்ததாகச் சொன்னது. முதல் ஆய்வு பொய்யா, இரண்டாவது பொய்யா என்று சண்டை போடுவதில் பயனில்லை. மழை பொய்த்த வருஷத்தில் ஒருவரும் பெய்த வருஷத்தில் ஒருவரும் போனால் ஒரே ஊர் இரண்டு ஊராகத் தெரியும். 1990களில் பார்பரா ஹாரிஸ்-வைட்டும் எஸ். ஜனகராஜனும் மீண்டும் போனபோது பேச்சு நெல்லிலிருந்து தண்ணீருக்கு வந்துவிட்டது. கிணற்று நீர் விற்கிறவர் யார், வாங்குகிறவர் யார், பணத்துக்கா விளைச்சலில் பங்குக்கா என்று கேட்க வேண்டியிருந்தது. ஏரிமதகைத் திறந்து பாய்ச்சிய காலத்து வினாப்பட்டியலில் அப்படி ஒரு கேள்விக்கு இடமே இருந்திருக்காது.

ஸ்லேட்டரின் ஊர்களை 1980களில் மீண்டும் கையில் எடுத்தது, மால்கம் ஆதிசேஷையா 1971இல் தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம். அதை முன்னின்று நடத்தியவர்களில் எஸ். குகன் முக்கியமானவர், மாநில நிதித் துறைச் செயலராக இருந்தவர், அறிஞர். மென்சரோடு சேர்ந்து இருவேல்பட்டுக்குப் போனார். பாலக்குறிச்சியையும் தூசியையும் எழுதினார். கங்கைகொண்டானையும் வடமலாபுரத்தையும் வெங்கடேஷ் ஆத்ரேயா எழுதினார். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் இருவேல்பட்டுக்குப் போனபோது படியாள் முறை மறைந்திருந்தது. ஊரையே ஆண்ட பெரிய வீட்டின் பிடி தளர்ந்திருந்தது. பலரின் பிழைப்பு ஊருக்கு வெளியே போயிருந்தது. சாதி போகவில்லை. அது இயங்கும் விதம்தான் மாறியிருந்தது.

பாலக்குறிச்சிக்குப் பக்கத்தில்தான் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட ஊர். அண்மையில் வேளாண் ஆய்வு அறக்கட்டளை இந்த இரண்டு ஊர்களையும் சேர்த்து ஆய்வு செய்தது. 1916 அறிக்கையின் கூலிக் கணக்கையும் 1952இன் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தையும் வெண்மணியையும் இன்றைய நிலப் பங்கீட்டையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்க்க இப்போது முடிகிறது.

எனக்குள்ள பெரிய மனக்குறை, இவ்வளவும் ஆங்கிலத்தில் கிடக்கிறது என்பது. இருவேல்பட்டில் பிறந்து படிக்கும் ஒரு பிள்ளை, தன் கொள்ளுப்பாட்டன் காலத்தில் கூலி என்ன, யாரிடம் எவ்வளவு நிலம் என்பதைத் தன் மொழியில் படிக்க வழியில்லை. ஐந்து ஊர்களின் அறிக்கைகளையும் தமிழாக்கி அந்தந்த ஊர்ப் பள்ளி நூலகத்தில் வைக்க ஒரு பல்கலைக்கழகத் துறைக்கு ஓராண்டு வேலைகூட இல்லை. கங்கைகொண்டானில் இன்று சிப்காட் தொழிற்பேட்டை நிற்கிறது. அங்கே வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கு, அந்த நிலத்தின் நூற்றாண்டுக் கணக்கு எழுதப்பட்டிருப்பது தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த முறை யாராவது இருவேல்பட்டுக்கு வினாப்பட்டியலோடு போவார்கள். நிலம், மாடு, கடன், கூலி என்ற பழைய கேள்விகள் அப்படியே இருக்கட்டும். 1916உடன் ஒப்பிட அவை வேண்டும். கூடவே சிலவற்றைச் சேர்க்கச் சொல்வேன். 2024இல் உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் எத்தனை அடி நின்றது? ஆற்றின் அணையைத் திறக்கிறார்கள் என்று யார் வந்து சொன்னார்கள், எத்தனை மணிக்கு? எந்தத் தெருவுக்குக் கடைசியாகச் சொன்னார்கள்? குழுக் கடன் தவணை கட்ட வேண்டிய நாள் வெள்ளத்துக்கு எத்தனை நாள் கழித்து வந்தது, எப்படிக் கட்டினீர்கள்? இந்தக் கேள்விகளைக் கேட்கும்போது வீட்டில் யார் யார் இருந்தார்கள், யார் பதில் சொன்னார்கள் என்று எழுத ஒரு கட்டமும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.