பேறு என்னும் சொல்

ஒரு சொல்லை இடம் மாற்றி வைத்தால் வாக்கியம் முழுவதும் பொய்யாகிவிடும் என்று ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்தார்கள். சீனத் தொழிலதிபர் ஜாக் மா 2019 ஏப்ரலில் ஆற்றிய உரை அதற்குத் தக்க எடுத்துக்காட்டு. காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை, வாரத்தில் 6 நாள் உழைப்பதை அந்நாட்டார் '996' என்பர். புதிதாகத் தோன்றிய இணைய நிறுவனங்களில் வேரூன்றிவிட்ட வழக்கம் அது. அலிபாபாவை நிறுவியவர்களுள் முதல்வராகிய அவர், அப்படி உழைக்கக் கிடைப்பது பெரும் பேறு என்றார்.

அவர் ஆண்ட சீனச் சொல், செய்த நல்வினையின் பயனாக வந்து சேரும் நற்பேற்றைக் குறிப்பது. குற்றம் அச்சொல்லில்தான் இருக்கிறது. ஒன்றைப் பேறு எனச் சொல்ல உரிமையுடையவன் அதைப் பெற்றவனே. வேலை வாங்குகிறவனுக்கு அவ்வுரிமை ஏது? விடியுமுன் பெரட்டுக்கு நின்ற எங்கள் தோட்டத்து முதியவர் எவரும் அதைப் பேறு என்று சொல்லி நான் கேட்டதில்லை. நிறுவியவர் தாமும் இரவு பகலாக உழைத்திருக்கலாம். அவ்வுழைப்பு பங்குடைமையாக அவரிடமே திரும்பி வருகிறது. மாதச் சம்பளக்காரனுக்கு வருவது சம்பளம். இரண்டையும் ஒரே சொல்லால் போர்த்துவது பொருள் மயக்கமாகும்.

கணக்கையும் பார்ப்போம். சீனச் சட்டம் வகுத்திருப்பது வாரத்திற்கு 44 மணி நேரம். மிகைநேரம் மாதத்தில் 36 மணியைத் தாண்டலாகாது. 996 முறையிலோ வாரம் 72 மணி. உணவுக்கும் ஓய்வுக்கும் நாளொன்றுக்கு 2 மணி கழித்தாலும் 60. நான்கு வாரத்தில் மிகைநேரம் 64 மணி. நான்காம் ஆண்டு மாணவன் போட்டுவிடுவான்.

அவ்வுரைக்கு முந்திய மாதமே கணினி நிரலாளர்கள் தங்கள் எதிர்ப்புக்கு '996.ஐசியூ' எனப் பெயர் சூட்டியிருந்தனர். 996 உழைத்தால் சென்று சேருமிடம் தீவிர சிகிச்சைப் பிரிவு என்பது கருத்து. இணைய முகவரி ஒன்றே அங்கதமாகிவிட்டது! நடுவே நிற்கும் ஒரு புள்ளி, காரணத்தையும் காரியத்தையும் இணைக்கிறது. சொற்செட்டு என்றால் இதுவன்றோ? தலைவரின் உரையைவிட இதனையே உயர்ந்த ஆக்கம் என்பேன்.

சில நாளில் ஜாக் மா, எவரையும் கட்டாயப்படுத்துவதைத் தாம் ஆதரிக்கவில்லை, தொழிலை நேசிப்பவரைக் கருதியே பேசியதாக விளக்கினார். விளக்கம் சிக்கலைப் பெருக்கியது. அப்படியாயின் மறுப்பவன் தொழிலை நேசியாதவனா? மாலையில் வீடு திரும்பிப் பிள்ளைகளோடு உண்ண விரும்பும் ஆசிரியர் தமிழை நேசியாதவரா?

2021 ஆகஸ்டில் சீன உச்ச மக்கள் நீதிமன்றமும் மனிதவள அமைச்சும் பத்து வழக்குகளை வெளியிட்டன. அவற்றுள் ஒன்று, 996 வேலையை மறுத்ததற்காக விரைவஞ்சல் நிறுவனமொன்று நீக்கிய தொழிலாளியுடையது. அந்நிறுவனத்தின் விதி சட்டத்துக்கு முரணானது என முடிவாயிற்று.

நம் பள்ளிகளிலும் உழைப்பைப் பற்றிய கட்டுரை என்றதும் 'ஆள்வினையுடைமை' அதிகாரத்தைத்தான் புரட்டுகிறோம். அதே பொருட்பாலில் 'வலியறிதல்' என்றோர் அதிகாரமும் உண்டு. வண்டியின் அச்சு எவ்வளவு தாங்கும் என்பதை மயிற்பீலியைக் கொண்டே வள்ளுவர் அங்கே காட்டியிருக்கிறார். அடுத்த கட்டுரைப் பாடத்தில் ஆறாம் ஆண்டு மாணவர்க்கு இரண்டு அதிகாரங்களையும் சேர்த்தே கொடுக்க எண்ணியிருக்கிறேன்.