எண்ணெய் ஊரின் ஆர்கன்: பிம்ப் சியும் அமெரிக்கத் தெற்கின் ராப்பும்

அமெரிக்கத் தென்மாநிலங்களின் ராப் இசையைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக 1995ஆம் ஆண்டின் ‘சோர்ஸ்’ விருது விழாவிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். அட்லாண்டாவின் அவுட்காஸ்ட் இரட்டையருக்கு விருது அறிவிக்கப்பட்டதும் நியூயார்க் அரங்கில் கேலிக்கூச்சல் எழுந்தது. தெற்குக்கும் சொல்ல ஏதோ இருக்கிறது என்று ஆந்த்ரே மேடையிலேயே பதிலடி கொடுத்தார். விறுவிறுப்பான தொடக்கம்தான். ஆனால் தெற்கின் இசையையும் நியூயார்க்கின் கண் வழியாகவே பார்க்கும்படி அது செய்துவிடுகிறது. நியூயார்க் கைதட்டுமா, கூச்சல் போடுமா என்ற கவலையைப் பெரிதாகப் பொருட்படுத்தாமல் அதே ஆண்டுகளில் வேலை செய்துகொண்டிருந்தவர்களிடமிருந்து தொடங்கினால் வேறொரு வரலாறு கிடைக்கும்.

அவர்களில் முக்கியமானவர் சாட் லாமாண்ட் பட்லர். மேடைப்பெயர் பிம்ப் சி. பன் பி என்கிற பெர்னார்ட் ஃப்ரீமனுடன் சேர்ந்து யுஜிகே என்ற குழுவை நடத்தினார். ராப்பராக அவர் எடுத்த பெயரும் கெட்ட பெயரும் இசையமைப்பாளராக அவர் செய்த வேலையை மறைத்துவிட்டன. தென்னக ராப்பின் ஒலி தேவாலயம், பள்ளி இசைக்குழு, ப்ளூஸ் ஆகிய மூன்றிலும் எவ்வளவு ஆழமாக வேர்விட்டது என்பதை அவருடைய பதிவுகளில்தான் தெளிவாகக் கேட்க முடிகிறது.

இசை படித்த பையன்

பட்லர் 1973இல் பிறந்தார். வளர்ந்தது டெக்சாஸின் போர்ட் ஆர்தரில். லூசியானா எல்லையை ஒட்டி, மெக்சிகோ வளைகுடாவின் விளிம்பில் இருக்கும் ஊர். 1901இல் அருகிலுள்ள ஸ்பிண்டில்டாப்பில் எண்ணெய் பீறிட்டதற்குப் பின் சுத்திகரிப்பு ஆலைகளை நம்பி வளர்ந்தது. ராக் பாடகி ஜானிஸ் ஜாப்ளின் பிறந்ததும் இங்கேதான். எண்பதுகளில் எண்ணெய் விலை சரிந்து வேலைகள் சுருங்கின. கறுப்பின மக்களின் தெருக்களில் கிராக் கோக்கெய்ன் வியாபாரம் நுழைந்தது. யுஜிகே பாடல்களின் பின்னணி முழுவதும் இந்தச் சரிவுதான்.

பட்லரின் தந்தை டிரம்பெட் வாசித்தவர். அவரை வளர்த்த மாற்றாந்தந்தை பள்ளியில் இசை ஆசிரியர். மகன் வீட்டில் உருவாக்கிய ஆரம்பகால ராப் பதிவுகளைக் கேட்ட அவர், இது வெறும் சத்தம், இதற்குள் கொஞ்சம் இசையைப் போட்டால் பிழைத்துக்கொள்வாய் என்ற பொருளில் சொன்னதாகப் பிம்ப் சி பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். பள்ளிப் பாடகர் குழுவில் ஐரோப்பியச் செவ்விசை பயின்று, பள்ளிகளுக்கிடையிலான போட்டியில் டெனர் தனிப்பாடலுக்கு உயர்ந்த மதிப்பீடு வாங்கிய மாணவர் அவர். டிரம் மெஷினைத் தொடுவதற்கு முன்பே ஸ்வரம் எழுதவும் படிக்கவும் தெரிந்திருந்தது. அவர் தலைமுறை ராப் இசையமைப்பாளர்களில் இத்தகைய பயிற்சி பெற்றவர்கள் அதிகம் இல்லை.

யுஜிகேயின் முதல் வெளியீடு 1992இல் ஹூஸ்டனின் சின்ன நிறுவனமான பிக் டைம் மூலம் வந்தது. அதே ஆண்டில் ஜைவ் என்ற பெரிய நிறுவனம் அவர்களை ஒப்பந்தம் செய்து முதல் ஆல்பத்தை வெளியிட்டது. கொச்சை மிகுதி என்று சில பாடல்களை ஜைவ் ஒதுக்க, பிக் டைம் அவற்றைத் திரட்டித் தனி வெளியீடாகக் கடைக்குக் கொண்டுவந்தது. பெரிய நிறுவனத்தோடு யுஜிகேவுக்கு இருந்த உரசல் அன்றே தொடங்கி, கடைசிவரை ஓயவில்லை.

ஒலிப்பதிவுக் கூடத்தில்

தொண்ணூறுகளின் நியூயார்க் ராப் பழைய இசைத்தட்டுகளிலிருந்து சில விநாடிகளை வெட்டியெடுத்துத் திரும்பத் திரும்ப ஓடவிடும் கலை. பிம்ப் சியும் வெட்டியெடுத்தார். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. பேஸ் கிட்டாரையும் கிட்டாரையும் ஆர்கனையும் ஆட்களை வைத்து வாசிக்கச் செய்து அதன்மேல் ஏற்றினார். நியூ ஆர்லியன்ஸின் புகழ்பெற்ற ஃபங்க் குழுவான ‘த மீட்டர்ஸ்’ கிட்டாரிஸ்ட் லியோ நோசென்டெல்லி யுஜிகே பதிவுகளில் வாசித்திருக்கிறார். அந்நகரத்து இசையமைப்பாளர் என்.ஓ. ஜோ, 1996இல் வந்த ‘ரைடின் டர்ட்டி’ ஆல்பத்தில் பிம்ப் சிக்குத் தோள் கொடுத்தார். தான் செய்வது ஹிப்-ஹாப்பே அல்ல, ‘கன்ட்ரி ராப் ட்யூன்ஸ்’ என்று பிம்ப் சி அடம்பிடித்ததற்குக் காரணம் இந்த வேலைமுறைதான்.

அந்த ஆல்பத்தின் ‘ஒன் டே’ பாடலை எடுத்துக்கொள்வோம். ஐஸ்லி பிரதர்ஸ் 1974இல் பாடிய மெதுவான காதல் பாட்டு ஒன்றின் குரல்தான் அதன் அடித்தளம். அவசரமில்லாத தாளம்; பேஸ் முன்னால் நிற்கிறது. மூன்று பேர் ஒருவர்பின் ஒருவராகப் பாடுகிறார்கள். கொலை, சிறை, நெருங்கிய நண்பன் தீவிபத்தில் பறிகொடுத்த குழந்தை என்று இழப்புகள் அடுக்கப்படுகின்றன. யாரும் குரலை உயர்த்துவதில்லை. காதலியிடம் கெஞ்சிய பழைய குரல், இடம் மாறியதும் ஒப்பாரியாகிவிடுகிறது. சொற்களில் இருக்கும் வீறாப்பை இசை நம்ப மறுக்கிறது. பிம்ப் சியின் கைவேலை இந்த முரணில்தான் இருக்கிறது: தெருவின் பேச்சுக்கு அடியில் தேவாலயத்தின் துக்கத்தை ஓடவிடுவது.

தனிப்பாடலாக எதையும் விளம்பரப்படுத்தாமல், ஒரு காணொளியும் இல்லாமல் ‘ரைடின் டர்ட்டி’ பில்போர்டின் ஆர்&பி பட்டியலில் 2ஆம் இடத்துக்கு ஏறியது. கார்களில் ஒலித்து, வாய்மொழியாகப் பரவியே அது அங்கே போய்ச் சேர்ந்தது.

அக்கம்பக்கத்து ஊர்கள்

தெற்கு என்று ஒற்றைச் சொல்லில் அடக்கினாலும் ஊருக்கு ஊர் ஒலி வேறு. மெம்ஃபிஸில் டிஜே பாலும் ஜூசி ஜேவும் திகில்படப் பின்னணி போன்ற இருண்ட சுழல்களைக் கேசட்டுகளில் விற்றார்கள். 2006இல் அவர்களுடைய த்ரீ 6 மாஃபியா குழுவுக்கு ஆஸ்கரே கிடைத்தது. நியூ ஆர்லியன்ஸில் மானி ஃப்ரெஷ், அந்த ஊர்த் தெருக் கொண்டாட்டங்களின் ‘பவுன்ஸ்’ தாளத்தைக் கீபோர்டில் ஏற்றி கேஷ் மனி நிறுவனத்தை நாடறியச் செய்தார். அட்லாண்டாவில் ஆர்கனைஸ்டு நாய்ஸ் மூவர், தங்களில் ஒருவரான ரிகோ வேடின் தாய் வீட்டு அடித்தளத்தில் அவுட்காஸ்டை வார்த்தெடுத்தார்கள். ஹூஸ்டனில் டிஜே ஸ்க்ரூ பாடல்களின் வேகத்தைக் குறைத்து, குரல்கள் தேனில் அமிழ்ந்ததுபோல் ஒலிக்கும் கேசட்டுகளை வீட்டு வாசலிலேயே விற்றார்.

வாத்தியக்காரர்களை நம்பியதில் பிம்ப் சி ஆர்கனைஸ்டு நாய்ஸுக்கு நெருக்கமானவர். அவர்களுக்கு அட்லாண்டாவின் லாஃபேஸ் நிறுவனம் பக்கத்திலேயே இருந்தது. போர்ட் ஆர்தரில் அப்படி எதுவும் இல்லை. தாளத்தை அமைத்தவரே அதன்மேல் பாடவும் செய்ததால் தன் குரலுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது பிம்ப் சிக்குத் தெரிந்திருந்தது. பன் பியின் கணீர்க் குரல் வரிகளை நெருக்கி அடுக்கும். பிம்ப் சி கீச்சென்ற மூக்குக் குரலில் சொற்களை இழுத்துப் பாதி பாடுவார்.

புகழ், சிறை, மரணம்

2000இல் ஜே-ஸியின் ‘பிக் பிம்பின்’ அவர்களை நாடு முழுக்கக் கொண்டுபோனது. அந்தப் பாட்டில் பிம்ப் சிக்கு விருப்பமே இல்லை. அதற்கு டிம்பலாண்ட் அமைத்த துள்ளல் இசை தன் ரசிகர்களை விலக்கிவிடும் என்று பயந்து, சில வரிகளோடு முடித்துக்கொண்டார். காணொளியை டிரினிடாடில் எடுத்தபோதும் போகவில்லை. அவர் பகுதியை மயாமியில் எடுத்தார்கள். கொளுத்தும் வெயிலில் ரோமக் கோட்டுடன் வந்து நின்றாராம். தொலைக்காட்சியில் வெயில் தெரியாது என்பது அவர் வாதம் என்று பன் பி பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அந்தப் புகழை அறுவடை செய்ய நேரம் கிடைக்கவில்லை. தாக்குதல் வழக்கு ஒன்றில் நன்னடத்தை நிபந்தனையை மீறியதற்காக 2002இல் சிறை சென்றவர் 2005 டிசம்பர் கடைசியில்தான் வெளியே வந்தார். பால் வாலும் மைக் ஜோன்ஸும் ஸ்லிம் தக்கும் ஹூஸ்டன் ராப்பை நாடெங்கும் ஒலிக்கச் செய்த ஆண்டுகளில், அதற்கு வழிபோட்டவர்களில் ஒருவர் கம்பிக்குப் பின்னால் இருந்தார். அவரை விடுவிக்கச் சொல்லும் வாசகத்தைப் பன் பி போகிற பாட்டிலெல்லாம் சேர்த்துப் பெயரை அணையாமல் காத்தார்.

2007 ஆகஸ்டில் ‘அண்டர்கிரவுண்ட் கிங்ஸ்’ பில்போர்டில் முதலிடத்தில் இறங்கியது. அவுட்காஸ்டோடு சேர்ந்து செய்த ‘இன்டர்நேஷனல் பிளேயர்ஸ் ஆந்தம்’ அதில்தான் இருக்கிறது. அதன் இசையை அமைத்தவர்கள் டிஜே பாலும் ஜூசி ஜேவும். வில்லி ஹட்சின் சோல் பாடலை மட்டும் துணைக்கு வைத்து, டிரம்ஸ் இல்லாமல் ஆந்த்ரே தன் பகுதியைப் பாடி முடிக்கிறார். பிம்ப் சியின் குரல் நுழையும் அதே நொடியில் டிரம்ஸ் விழுகிறது. போர்ட் ஆர்தர், மெம்ஃபிஸ், அட்லாண்டா மூன்றும் ஒரே பாட்டில்.

அதே ஆண்டு டிசம்பர் 4 அன்று, 33 வயதில், லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய வெஸ்ட் ஹாலிவுட் விடுதி அறையில் இறந்துகிடந்தார். கோடீன் கலந்த இருமல் மருந்தும் தூக்கத்தில் மூச்சு தடைப்படும் கோளாறும் சேர்ந்து உயிரைப் பறித்தன என்றது மருத்துவ அறிக்கை. டிஜே ஸ்க்ரூவின் 2000ஆம் ஆண்டு மரணத்திலும் கோடீனுக்குப் பங்கு உண்டு. அதே ஆண்டில்தான் த்ரீ 6 மாஃபியாவோடு சேர்ந்து யுஜிகே அந்த மருந்தைக் கொண்டாடிப் பாடியிருந்தது.

எதை எடுத்துக்கொள்வது

பெண்களை விற்றுப் பிழைப்பவனின் பெயரைச் சூட்டிக்கொண்டவரைப் பற்றி எழுதும்போது இசையைப் புகழ்ந்துவிட்டு மற்றதைத் தாண்டிப் போக முடியாது. அவருடைய பாடல்களில் பெண்கள் பெரும்பாலும் சரக்காகத்தான் வருகிறார்கள். வேடம் என்று சொல்லித் தப்பித்தாலும், அந்த வேடத்துக்கு அழகு சேர்த்தது அவருடைய இசைதான். ஆர்கன் எவ்வளவு இனிமையோ அவ்வளவுக்குக் கேட்பவரின் பொறுப்பும் கூடுகிறது.

இந்தக் கேள்விக்கு விமர்சகர்களைவிட அவருடைய வாரிசுகள் நன்றாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள். மிசிசிப்பியின் மெரிடியனைச் சேர்ந்த பிக் கிரிட், பிம்ப் சியைப் போலவே பாடலையும் இசையையும் தானே உருவாக்குகிறவர்; அந்தக் கடனை ஒளிக்காதவர். கார்களையும் கனத்த பேஸையும் இழுவைப் பேச்சையும் அப்படியே எடுத்துக்கொண்டார். 2012இல் தானே இசையமைத்த ‘லைவ் ஃப்ரம் தி அண்டர்கிரவுண்ட்’ ஆல்பத்தில் அவர் மிசிசிப்பியின் மூத்த ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங்கை அழைத்துவந்து ஒரு பிரார்த்தனைப் பாட்டைப் பதிவுசெய்தார். பிம்ப் சி பாட்டுக்கு அடியில் ஓடவிட்டதைக் கிரிட் பாட்டின் மேற்பரப்புக்கே கொண்டுவந்துவிட்டார். முன்னோடியிடமிருந்து எதைத் தொடர வேண்டும், எதை அவரோடு விட்டுவிட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான தேர்வு தேவையில்லை.