புனிறும் பிணவும்

ஆற்றுப்படைகளின் வறுமைச் சித்திரங்களைப் பாராட்டாத ஆராய்ச்சியாளர் இலர். ஆயினும் அவ்வறுமை முழுவதையும் ‘இல்லாமை’ என்னும் ஒரு சொல்லால் அளந்து மேற்செல்லுதல் வழக்கமாகிவிட்டது. ஈன்ற தாயின் வறுமை தனியே எண்ணற்பாலது என்பதைத் தொண்டைநாட்டுத் தொடர்புடைய இரு பாட்டுக்களைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூரினர். இடைக்கழிநாடு இன்று செங்கற்பட்டு மாவட்டத்துச் செய்யூர் வட்டத்தைச் சார்ந்த கடற்கரைப் பகுதியாகும். நல்லியக்கோடனைக் காணுமுன் பாணன் வாழ்ந்த மனையின் அடுக்களையை அவர் காட்டுகின்றார். அங்கே அண்மையில் ஈன்ற நாய், கண் திறவாத குட்டிகள் பாலற்ற முலையைப் பற்றி இழுத்தலைப் பொறாது குரைக்கின்றது. பசியால் மெலிந்த கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை உப்பின்றி வேகவைத்துப் பிறர் காணாவாறு கதவடைத்துச் சுற்றத்தோடு உண்கின்றாள்.

ஈன்றணிமையைக் குறிக்கும் ‘புனிறு’ என்னும் உரிச்சொல்லைப் புலவர் அந்நாய்க்கே அடையாக்கினார். கிணைமகள் மகப்பெற்றவள் என்று அவர் கூறவில்லை, யாமும் கூறோம். எனினும் கீரையன்றி வேறு உணவில்லாத மனையில் ஈன்றவளுக்கு யாது கிட்டும் என்பதை அந்நாய் உணர்த்துகின்றது. அது குரைத்தது அன்பின்மையால் அன்று. கொடுப்பதற்கு உடம்பில் ஒன்றும் இல்லாமையால் என்க.

இதனொடு பெரும்பாணாற்றுப்படையை ஒப்பிடுக. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பாட்டு அது. அதன்கண் வரும் நீர்ப்பெயற்று என்னும் துறையை மாமல்லபுரத்தோடு இயைப்பார் உளர். அப்பாட்டின் எயினர் குடிசையில், பிள்ளை பெற்றவள் மான்தோற் படுக்கையில் மகவோடு முடங்கிக் கிடக்கின்றாள். ஏனை எயிற்றியர் அவளை மனையில் விட்டுச் சென்று, இரும்பு செறித்த கோலால் கரம்பு நிலத்தைக் கிளறிப் புழுதி படிந்து புல்லரிசி கொணர்கின்றனர். எயினரும் செல்வர் அல்லர். ஆயினும் ஈன்றவளின் உழைப்பைப் பிறர் ஏற்றனர். அவளைப் புலவர் ‘பிணவு’ என்கின்றார். மரபியல் பன்றி, புல்வாய், நாய் என்பவற்றுக்கு உரைத்த பெயர் அது. இதனை இழிவெனக் கொள்ளற்க. ஈன்ற உடம்பின் தேவை எவ்வுயிர்க்கும் ஒன்றே என்பது இதனாற் போதரும்.

ஓய்வு, உணவு என்னும் இவ்விரண்டும் ஒருங்கே வேண்டுவன. 1961 ஆம் ஆண்டு மகப்பேற்று நலச் சட்டம் தொழிற்சாலை முதலியவற்றிற் பணிபுரியும் மகளிர்க்கு ஊதியத்தோடு கூடிய விடுப்பை வகுத்தது. 2017 ஆம் ஆண்டுத் திருத்தம் முதலிரு பேறுகளுக்கு அதனை 26 வாரமாக்கியது. ஆனால் வயலிற் கூலி செய்வார்க்கும், மாமல்லபுரக் கடற்கரையில் மீன்கூடை சுமந்து விற்பார்க்கும் ஓய்வு என்பது வருவாய் இழப்பேயாம். ஏழை மகளிரின் அவ்விழப்பை ஈடுசெய்யவும் ஊட்டம் அளிக்கவும் எழுந்ததே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி (1886–1968) பெயரால் வழங்கும் தமிழக அரசின் மகப்பேறு உதவித் திட்டம். 2018 இல் அவ்வுதவி பணமும் ஊட்டப்பொருளுமாக 18,000 ரூபாய் என உயர்த்தப்பட்டது. எனினும் அதுவும் முதலிரு பேறுகளையே வரையறையாகக் கொண்டது. மூன்றாம் மகவை ஈன்றவளின் பசி குறைந்ததன்று என்பதற்குப் பாணர் மனையின் நாயே சான்று.

பழம்பாட்டிற் சட்டம் தேடுதல் எம் கருத்தன்று. புனிறு என்பதற்கு ‘ஈன்றணிமை’ எனப் பொருள் எழுதி அமையாது, அந்நாளில் ஈன்றவளுக்கு ஓய்வும் உணவும் யாவர் தந்தனர் என வினவுதலும் உரை காண்பார் கடனாம்.