வரி எண் சொல்லும் கட்டளை

என்ஜின்எக்ஸ் வெப் சர்வரில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் வேகமல்ல, 'மைனஸ் டி' என்ற சோதனைக் கட்டளைதான். கான்ஃபிக்கில் ஓர் அரைப்புள்ளி விட்டுப்போய்ப் பிழையானால், கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் சொல்லிவிடும். 24ஆம் வரி என்றால் 23ஐயும் பார்த்துவிட வேண்டும். அரைப்புள்ளி காணாமல் அடுத்த வரியையும் சேர்த்துப் படித்திருக்கும். சோதிக்காமல் ரீலோட் கொடுத்தாலும் தளம் விழாது. புதிய கான்ஃபிக்கில் பிழையென்றால் மாஸ்டர் பிராசஸ் பழையதையே வைத்துக்கொண்டு ஓடும். எவ்வளவு பெரிய கருணை அது!

தளத்தில் 403 பிழை வந்தால் எரர் லாகைத் திறக்க வேண்டும். அனுமதிச் சிக்கல் என்றால் '13: பெர்மிஷன் டினைட்' என்று, கோப்பின் முழுப் பாதையோடு இருக்கும். கோப்பின் அனுமதி சரியாக இருந்தும் இப்படி வந்தால், மேலிருக்கும் டைரக்டரிகளைப் பார்க்க வேண்டும். 'நேம்ஐ மைனஸ் எல்' என்ற கட்டளை அத்தனையின் அனுமதியையும் வரிசையாகக் காட்டும். பல நேரம் ஹோம் டைரக்டரியின் 700 அனுமதிதான் வழிமறித்து நிற்கும்.