கண்டுபிடித்தாயிற்று, பிறகு?

திருகோணமலையில் பிறக்கும் ஒரு பிள்ளை கிளினிக்கின் கண்ணில் படாமல் வளர்வது கடினம். 2, 4, 6ஆம் மாதங்களில் ஊசி. 9இல் ஒன்று, ஒரு வயதில் ஒன்று, ஒன்றரை வயதில் ஒன்று. திகதி தவறினால் குடும்பநல உத்தியோகத்தர் படலையைத் திறந்துகொண்டு வந்துவிடுவார். தாய்மார் ‘மிஸ்’ என்று கூப்பிடும் அவர் ஏறி இறங்காத ஒழுங்கை குறைவு. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் தொடர்ச்சி இது. பிள்ளையின் நிறையைக் குறிக்கும் அதே பதிவேட்டில், கழுத்து எப்போது நின்றது, எப்போது தவழ்ந்தது, முதற்சொல் எப்போது வந்தது என்று குறிக்கவும் இடமுண்டு. வளர்ச்சியில் பின்தங்கும் பிள்ளையை நேரத்தோடு இனங்கண்டு கைகொடுப்பதை ஆரம்பகால இடையீடு என்கிறார்கள். அதற்கு இதைவிட நல்ல அத்திவாரம் பல பணக்கார நாடுகளிலேயே இல்லை. கண்டுபிடிப்பதற்கு இருக்கும் ஏற்பாட்டில் பாதிகூடக் கைகொடுப்பதற்கு இல்லை என்பதுதான் என் குறை.

கண்டுபிடிப்பதிலும் ஓர் இடைவெளி இருக்கிறது. ஒன்றரை வயது ஊசிக்கு அடுத்த ஊசி 3 வயதில்தான். இடையில் நிறை பார்க்கக் கிளினிக் உண்டு. ஆனால் ஊசிக்கு வந்தே ஆகவேண்டும் என்ற எண்ணம் நிறைக்கு இல்லை. பிள்ளை நன்றாகச் சாப்பிட்டு ஓடித் திரிந்தால் கூலிவேலைக்குப் போகும் தாய் அதைத் தள்ளிப்போடத்தான் செய்வாள். பேச்சும் பிறரோடு சேரும் பழக்கமும் துளிர்க்க வேண்டிய காலம் அந்த ஒன்றரை வருடந்தான். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, வேண்டியதை விரலால் சுட்டாமல் தாயின் கையைப் பிடித்து இழுத்துப்போகும் பிள்ளை எல்லாம் அப்போதுதான் கண்ணில் படவேண்டும். வீட்டிலோ, “ஆம்பிளப் பிள்ளை ஆறுதலாத்தான் கதைக்கும்”, “தகப்பனும் மூண்டு வயசிலதான் வாய் திறந்தவர்” என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். பல பிள்ளைகளின் விஷயத்தில் அந்தப் பேச்சு பலித்தும் விடுகிறது. அதனால்தான் அதை மறுத்துப் பேசுவது சிரமம். கடைசியில் பாலர் பாடசாலை ஆசிரியைதான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொல்லவேண்டி வருகிறது.

தாமதம் எல்லாப் பிள்ளைகளையும் ஒரேமாதிரிப் பாதிப்பதில்லை. காது கேளாத குழந்தைக்கு அது மிகக் கடுமையானது. பிறந்து 1 மாதத்துக்குள் பரிசோதனை, 3 மாதத்துக்குள் உறுதி, 6 மாதத்துக்குள் உதவி என்பது உலகம் ஏற்றுக்கொண்ட வரிசை. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்குத் தசை இறுகி மூட்டு மடங்கிவிடும் முன்னமே எப்படி இருத்துவது, எப்படித் தூக்குவது என்று வீட்டாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இவ்விரண்டிலும் எனக்குச் சந்தேகமே இல்லை. ஓட்டிசத்தில்தான் ஆதாரங்களை நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இலங்கையில் 93 பிள்ளைகளில் ஒருவருக்கு ஓட்டிசம் என்ற கணக்கை அடிக்கடி கேட்கிறோம். பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு அது. ஒன்றரை வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட 374 பிள்ளைகளைப் பார்த்தார்கள். 4 பேருக்கு ஓட்டிசம் இருந்தது. நாலு பிள்ளைகளை வைத்து நாட்டுக்கே கணக்குச் சொல்வது சரியல்ல. திருகோணமலைக்கு எத்தனை சிகிச்சையாளர் வேண்டும் என்று அதிலிருந்து திட்டமிடவும் முடியாது. அதே ஆய்வின் மற்ற முடிவுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அமெரிக்காவில் உருவான கேள்விக்கொத்தைச் சிங்களத்தில் பெயர்த்துத் தாய்மாரிடம் கேட்டபோது, அது அந்த நால்வரில் ஒருவரைத்தான் காட்டிக்கொடுத்தது. பிறகு அந்தக் குழுவினரே படங்களைக் காட்டிக் கேட்கும் முறையொன்றை உருவாக்கினார்கள். வெளியூர்க் கேள்வித்தாளை மொழிபெயர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கும் திட்டக்காரர்கள் அந்த ஆய்வை ஒருமுறையாவது படித்துப் பார்க்க வேண்டும்.

சிகிச்சையின் கதையும் இப்படித்தான். 1987இல் அமெரிக்காவில் லோவாஸ் என்ற உளவியலாளர், வாரத்துக்கு 40 மணிநேரம் பயிற்சி கொடுத்த 19 பிள்ளைகளில் 9 பேர் மற்றப் பிள்ளைகளைப்போல் வகுப்பில் சேர்ந்தார்கள் என்று எழுதினார். பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரிக்காத ஆய்வு என்ற கண்டனம் அன்றே எழுந்தது. ஆனாலும் மணிநேரம் கூடக்கூட நல்லது என்ற நம்பிக்கை அங்கிருந்து உலகமெல்லாம் பரவிவிட்டது. வாரத்துக்கு 40 மணிநேரம் கொடுக்க மூதூரில் யாரால் முடியும்? கொழும்பு லேடி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் ஹேமமாலி பெரேராவின் குழு வேறு வழியில் போனது. தாய்க்குக் கற்றுக்கொடுத்து, அவளை வீட்டில் செய்யவைத்து, முதல் 3 மாதங்களிலேயே முன்னேற்றம் கண்டதாக 2016இல் எழுதினார்கள். இங்கும் ஒப்பிட்டது சிகிச்சை கிடைக்காத பிள்ளைகளோடுதான், குலுக்கிப் பிரித்தல்ல. அந்தக் குறை இதற்கும் உண்டு. இருந்தாலும் நம்முடைய வீடுகளில் செய்யக்கூடியது எது என்று கேட்டுத் தொடங்கிய வேலை என்பதால் இதன் பக்கமே நான் நிற்கிறேன்.

அந்த வேலை பார்ப்பதற்கு எளிது. தாயும் பிள்ளையும் பாயில் முகத்துக்கு முகம் பார்த்து இருக்கிறார்கள். தொலைக்காட்சியை நிறுத்தியாயிற்று. தாய் ஒரு பிஸ்கட்டை முழுதாகக் கொடுப்பதில்லை. சின்னத் துண்டாக உடைத்துத் தன் கண்ணுக்கு நேரே பிடிக்கிறாள். “வேணுமா?” என்று ஒரேயொரு தரம் கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறாள். அந்தப் பேசாமல் இருப்பதுதான் வித்தை. பிள்ளை கையை நீட்டும், சிணுங்கும், எழும்பப் பார்க்கும். ஒரு கணம் அவள் கண்ணைப் பார்த்தவுடன், “ஓம், பிஸ்கட்!” என்று கொடுத்துவிடுகிறாள். பிறகு அடுத்த துண்டு. குளிக்க வார்க்கும்போதும் சிப்பி பொறுக்கும்போதும் இதே முறைதான். விலைகொடுத்து வாங்க ஒன்றுமில்லை. ஆனால் பிள்ளை அழும்போது கொடுத்துவிடாமல் பொறுத்திருப்பதற்குப் பக்கத்தில் ஒருவர் இருந்து, “சரியாத்தான் செய்றீங்க, இன்னும் கொஞ்சம் பொறுங்க” என்று சொல்லவேண்டும். கையில் ஒரு துண்டுப்பிரசுரத்தைக் கொடுத்தனுப்பினால் ஒரு கிழமைக்குமேல் ஓடாது.

வீட்டுமுறையின் பெருங்குறையும் இங்கேதான் இருக்கிறது. தாயின் நேரத்தை அது இலவசமாக எடுத்துக்கொள்கிறது. தண்ணீர் பிடித்து, சமைத்து, மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு விட்டு, கருவாட்டையும் காயப்போடுகிற பெண்ணிடம் நாளொன்றுக்கு இரண்டு மணிநேரம் பாயில் இருக்கச் சொல்கிறோம். பிள்ளை முன்னேறாவிட்டால் பழி யார்மேல் விழும் என்று சொல்லத் தேவையில்லை. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்தில் உம்மாவே வீட்டில் இல்லாத குடும்பங்களும் உண்டு. வளைகுடாவில் வீட்டுவேலை செய்து அனுப்பும் பணத்தில்தான் அடுப்பு எரிகிறது. 5 வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் வெளிநாட்டு வீட்டுவேலைக்குப் போவதை 2013இன் விதி தடுத்தது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் அந்த எல்லையை 2 வயதுக்கு இறக்கினார்கள். தாய் போகலாம் என்று அரசு சொல்லும் வயதும், தாய் இருந்து பயிற்சி கொடுக்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லும் வயதும் ஒன்றாகிவிட்டன. போகிற பெண்ணை நான் குறைசொல்ல மாட்டேன். பிள்ளையை வளர்ப்பது உம்மம்மா என்றால் பயிற்சியையும் உம்மம்மாவுக்கே கொடுக்கவேண்டும். அவருடைய கண்பார்வைக்கும் முழங்கால் வலிக்கும் ஏற்றமாதிரி அதை மாற்றவேண்டும்.

இனி தூரம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபிறகு, துறைமுகத்தைச் சுற்றிய ஊர்கள் முன்னைப்போல் பாதைப் படகை நம்பியில்லை. ஆனாலும் வெருகலில் இருந்தோ புல்மோட்டையில் இருந்தோ பட்டணத்து வைத்தியசாலைக்கு வருவதென்றால் ஒருநாள் கூலி போய்விடும். சத்தமும் கூட்டமும் பொறுக்காத பிள்ளையை விடியப் பஸ்ஸில் ஏற்றி, வாங்கில் காத்திருக்கவைத்து, அது களைத்துக் கத்தும் நேரத்தில் உள்ளே கூப்பிட்டுச் சோதித்தால் என்ன தெரியப்போகிறது? அன்றைய களைப்பைத்தான் பதிவேட்டில் எழுதுவார்கள்.

மொழிச்சிக்கல் இதற்கும் மேலே. களனிப் பல்கலைக்கழகம் 2008இல் பேச்சு, செவிப்புலப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. அதனால் நாட்டுக்குக் கிடைத்த நன்மை பெரிது. ஆனால் தமிழில் சிகிச்சை செய்யக்கூடியவர்கள் இன்றைக்கும் போதாது. பேச்சுச் சிகிச்சையில் மொழிதான் மருந்து. சிகிச்சையாளர் சிங்களத்தில் சொல்ல, இடையில் ஒருவர் தமிழாக்க, தாய் தலையாட்டினால் அது சிகிச்சையாகாது. சந்தையிலும் தெருவிலும் இரண்டு மொழி கேட்டு வளர்வது திருகோணமலைப் பிள்ளைக்கு இயல்பு. இரண்டு மொழி கேட்பதால் பேச்சு பின்தங்குவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியும், வீட்டுமொழியை விட்டுவிடுங்கள் என்ற அறிவுரை நிற்கவில்லை. தாலாட்டிய மொழியில் தாய் பேசக்கூடாது என்றால் அவள் பிள்ளையோடு பேசுவதே குறைந்துவிடும்.

‘வயது போனால் ஒன்றும் செய்யமுடியாது’ என்ற பயமுறுத்தலையும் நிறுத்தவேண்டும். ஐந்து வயதில் வரும் பிள்ளையும் படிக்கும், ஏழு வயதில் வருவதும் படிக்கும். அந்தப் பயத்தால் கடன்பட்டுத் தனியார் சிகிச்சைக்கு அலைகிற குடும்பங்கள் உண்டு. இனி என்ன என்று கைவிட்டவர்களும் உண்டு.

செய்யக்கூடியதற்கு முன்மாதிரி தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. தென்காசிப் பக்கத்து ஆய்க்குடியில் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றி வீடுவீடாக அனுப்புகிறது. நிபுணர்கள் கைபேசிச் செயலி வழியே அவர்களைப் பின்தொடர்கிறார்கள். கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளைக் குலுக்கிப் பிரித்துச் செய்து 2016இல் வெளிவந்த ஆய்வும், நிபுணரல்லாத பணியாளரால் பெற்றோரைப் பயிற்ற முடியும் என்று காட்டியது. பெற்றோர் பிள்ளைக்கு இசைந்து நடப்பது தெளிவாகக் கூடியது. பிள்ளையும் தானாகப் பேச்சைத் தொடங்குவது கூடியது. ஆனால் இருவரும் ஒன்றையே சேர்ந்து கவனிக்கும் நேரம் குறைந்தது. அதையும் மறைக்காமல் எழுதியதால் அந்த ஆய்வின்மேல் எனக்கு நம்பிக்கை கூடுகிறது.

மூதூரிலும் கிண்ணியாவிலும் குச்சவெளியிலும் பாலர் பாடசாலை ஆசிரியைகள் இருக்கிறார்கள். பிள்ளைகளையும் தெரியும், மொழியும் தெரியும், அவர்களுடைய கொடுப்பனவோ மிகச் சொற்பம். அவர்களில் விரும்பியவர்களுக்குப் பயிற்சியும் அதற்கேற்ற சம்பளமும் கொடுக்கலாம். சம்பளமில்லாமல் இன்னொரு பொறுப்பு என்றால் தாயிடம் செய்த அநியாயத்தை ஆசிரியையிடமும் செய்வதாகும். இரண்டு வயதுக்கும் இரண்டரை வயதுக்கும் ஊசியில்லாமலே ஒரு கட்டாயக் கிளினிக் நாளைக் குறிக்கலாம். பேச்சுச் சிகிச்சையாளரும் இயன்மருத்துவரும் கிழமையில் ஒருநாள் இந்த ஊர்களுக்கு வந்து, பயிற்சி பெற்ற ஆசிரியையோடு பிள்ளையின் வீட்டுக்கே போய்ப் பார்க்கலாம். அதற்கு ஒரு வாகனமும் எரிபொருளும் வேண்டும். மாகாணசபை வரவுசெலவில் அவை தாங்கமுடியாத செலவல்ல.