கூரை வேயாத பெட்டி: விமான வகுப்புகளை வாசித்தல்

விமானத்தின் உள்வெளியை ஒரு பிரதியாக வைத்து வாசிக்கலாம் என்று சொன்னால் நம் தோழர்கள் பலருக்குச் சிரிப்பு வருகிறது. 'டவுன் பஸ்ஸுல தொங்கிக்கிட்டுப் போறவனை விட்டுட்டு ஏரோப்ளேன் சீட்டுக்கு அழறீங்களே' என்கிறார்கள். விமானம் பணக்காரன் சமாச்சாரம் என்கிற பழைய படிமம் நம்மை விட்டு இன்னும் போகவில்லை. திருச்சி விமான நிலைய வாசலில் ஒரு ராத்திரி நின்று பார்த்தால் போதும். சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் வளைகுடாவுக்கும் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிற சனம் அங்கே நிற்கிறது. அவர்களுக்கு விமானம்தான் பஸ். ஆகவே பின்வரிசை இருக்கையின் அளவைப் பற்றிப் பேசுவது, உழைக்கிற உடலுக்கு இந்த அமைப்பு எவ்வளவு இடம் ஒதுக்குகிறது என்று பேசுவதாகிறது.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எகானமி வகுப்பின் அசௌகரியம் மலிவான டிக்கெட்டின் தவிர்க்க முடியாத விளைவு என்று நமக்குச் சொல்லப்படுகிறது. இது பாதி உண்மை. இன்னும் இரண்டு வரிசை நாற்காலி போட்டால் தலைக்கு ஆகிற செலவு குறையும் என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் மீதிப் பாதி இருக்கிறது. அசௌகரியத்தின் ஒரு பகுதி வேண்டுமென்றே உற்பத்தி செய்யப்படுகிறது. முன்பகுதியை விற்பதற்கான விளம்பரம் அது.

இதை ஆரம்பத்திலேயே கண்டு சொன்னவர் மார்க்ஸியர் அல்லர். ஜூல் துப்புயி என்கிற பிரெஞ்சு எஞ்சினியர். 1849இல் ரயில் கட்டணம் பற்றி எழுதும்போது, மூன்றாம் வகுப்புப் பெட்டிக்கு ஏன் கூரை இல்லை என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்கிறார். கூரை போட ஆகும் சொற்பச் செலவுக்குக் கம்பெனி பயப்படவில்லை. இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்கக்கூடியவன் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாது என்றுதான் பயப்படுகிறது. ஏழை நனைகிறான், மிரட்டப்படுகிறவன் அவனுக்கு மேலே இருப்பவன். இதைப் புரிந்துகொள்ள நமக்கு பிரான்ஸ் போக வேண்டியதில்லை. நம்மூர்க் கோயிலில் தர்ம தரிசன வரிசை நீள நீளத்தான் சிறப்புக் கட்டணச் சீட்டு விற்கும்.

விமானத்தின் கதையும் இதே இலக்கணத்தில் எழுதப்பட்டதுதான். அட்லாண்டிக் கடலைத் தாண்டும் விமானங்களில் 1952இல் டூரிஸ்ட் வகுப்பு வந்தது. 1958இல் அதற்கும் கீழே எகானமி வந்தது. சாப்பாட்டு விஷயத்தில் கம்பெனிகள் தங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டன: எகானமிக்காரனுக்கு சான்ட்விச் மட்டும். ஸ்காண்டிநேவியக் கம்பெனியான எஸ்.ஏ.எஸ். ரொட்டித் துண்டின் மேல் இறைச்சியும் மற்றதும் அடுக்கி, சான்ட்விச் என்ற பெயரில் ஒரு முழுச் சாப்பாட்டையே பரிமாறியது. பான் ஆம் புகார் செய்தது. சான்ட்விச் என்றால் என்ன என்று வரையறுக்க விமானக் கம்பெனிகளின் சர்வதேசச் சங்கம் உட்கார்ந்து பேச வேண்டியதாயிற்று. இதை வேடிக்கைச் செய்தியாக மட்டும் படித்துவிட்டுப் போக முடியாது. மலிவான டிக்கெட் வாங்கியவனுக்குக் கூடுதலாகச் சோறு போட்டது இங்கே குற்றமாகியிருக்கிறது.

இதையே நேற்றைய உதாரணத்தில் பார்ப்போம். 2012இல் அமெரிக்காவின் டெல்டா கம்பெனி எகானமிக்கும் கீழே 'பேசிக் எகானமி' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 2017இல் யுனைடெட்டும் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் பின்தொடர்ந்தன. அதே நாற்காலி, அதே இடுக்கு. ஆனால் எந்த இருக்கை என்று முன்கூட்டியே தேர்ந்தெடுக்க முடியாதபடிதான் அது அறிமுகமானது, ஏறுவதும் கடைசியில்தான். ஒருவரை ஜன்னலோரம் தேர்ந்தெடுக்க விடுவதில் கம்பெனிக்கு என்ன பெரிய செலவு? இங்கே மலிவு என்கிற வாதம் சுத்தமாகக் கழன்று விழுகிறது. எடுக்கப்பட்டது கூரைதான்.

பின்பக்கம் இப்படிக் குறுகக் குறுக முன்பக்கம் விரிந்துகொண்டே போனது. 2000இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் பிசினஸ் வகுப்பிலேயே நீட்டிப் படுக்கும் கட்டிலைப் போட்டது. 2007இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இருவர் படுக்கும் கட்டிலோடு தனி அறைகள் அமைத்தது. 2014இல் எதிஹாத் கூடம், படுக்கையறை, குளியலறை என்று ஒரு வீட்டையே விமானத்துக்குள் கட்டியது. பின்பக்கக் கணக்கு 2017இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. பயணிகள் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் முன்வைக்கப்பட்ட அளவு இது: இருக்கைக்கும் இருக்கைக்கும் இடையே சராசரி 35 அங்குலமாக இருந்தது 31 ஆகியிருக்கிறது, சில விமானங்களில் 28. ஆபத்து வந்தால் 90 விநாடிக்குள் எல்லோரும் வெளியேறியாக வேண்டும் என்கிற விதி இருக்கும்போது இந்த இடுக்கிலிருந்து எப்படி வெளியேறுவது என்பதுதான் வழக்கு. விமானப் போக்குவரத்து நிர்வாகம் இதை மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. குறைந்தபட்ச அளவை நிர்ணயிக்கச் சொல்லி 2018இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் போட்டது. சந்தை தானாகக் கொடுத்துவிடாத ஒன்றை அரசியல் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

இந்த இடைவெளி கண்ணில் படவும் வேண்டும். இல்லாவிட்டால் அது வேலை செய்யாது. பல விமானங்களில் எகானமிக்காரர் முன்வகுப்பின் ஊடே நடந்துதான் தன் இடத்துக்குப் போகிறார். கால்நீட்டிச் சாய்ந்திருப்பவரையும் அவர் கையிலிருக்கும் கண்ணாடிக் கோப்பையையும் பார்த்துக்கொண்டே போக வேண்டும். 2016இல் டிசெல்லெஸ், நார்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள், முதல் வகுப்பு உள்ள விமானங்களில் எகானமிப் பகுதியில் தகராறு நடக்கும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு என்று கணக்குக் காட்டினார்கள். அவர்களுடைய புள்ளியியல் முறையை மறுத்தவர்களும் உண்டு. எண்ணை விட்டுவிடலாம். திரைச்சீலை ஒரு குறி, அதை எல்லோரும் வாசிக்கிறார்கள் என்பதற்கு ஆய்வு தேவையில்லை.

திரை, தனிக் கழிப்பறை, முன்னே கண்ணாடி பின்னே காகிதக் குவளை என்றதும் நமக்குச் சாதி ஞாபகம் வருகிறது. ஆனால் இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. தனிக்குவளையின் முன்னால் நிற்கிற தலித் எவ்வளவு காசு கொடுத்தாலும் அந்தக் கோட்டைத் தாண்ட முடியாது. விமானத்தில் காசு இருந்தால் தாண்டலாம். இந்த 'தாண்டலாம்' என்ற ஆசையைக் கிளறிவிட்டுத்தான் வகுப்புமுறை தன் பிழைப்பை நடத்துகிறது.

இந்த வித்தியாசத்தைத் தவறவிட்ட பிரதி 'சூரரைப் போற்று' (2020). சுதா கொங்கராவின் அந்தப் படத்தில் நெடுமாறன் டிக்கெட்டுக்குக் காசு பத்தாமல் விமான நிலையத்தில் கண்டவர்களிடமெல்லாம் கையேந்துகிற காட்சி தமிழ் சினிமாவில் அபூர்வமானது. விலைத் தடையோடு சாதித் தடையையும் உடைப்பேன் என்கிறான். ஊர்ச்சனம் பறக்கிறது, நாம் கைதட்டுகிறோம். கதையாடல் ஏணிப்படியோடு முடிந்துவிடுகிறது. ஏறினாலே விடுதலை என்றாகிவிட்ட பிறகு, ஏறியவன் எங்கே உட்கார்ந்தான் என்று படம் கேட்பதில்லை. படத்துக்கு மூலமான கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் 2003இல் ஒற்றை வகுப்போடு கிளம்பியது. 2007இல் மல்லையாவின் கிங்ஃபிஷர் அதில் பங்கு வாங்கியது; 2008இல் டெக்கான் என்ற பெயரே போய் 'கிங்ஃபிஷர் ரெட்' ஆனது. 2011இல் மலிவுச் சேவையை மூடுவதாக மல்லையா அறிவித்தார். 2012இல் மொத்தக் கம்பெனியும் பறப்பதை நிறுத்தியது. ஒரே வகுப்பை அடையாளமாக வைத்து வளர்ந்த இண்டிகோவும் 2024 நவம்பரில் டெல்லி-மும்பை விமானத்தின் முன்பகுதியில் 12 அகல நாற்காலிகளைப் போட்டது. மலிவு விமானத்துக்குள்ளிருந்தே முன்வகுப்பு முளைக்கிறது. படம் நிறுத்திய இடத்திலிருந்துதான் நாம் பேச ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

எதிர்ப்பு என்றால் முதல் வகுப்பை ஒழி என்று கோஷம் போடுவதா? பல கம்பெனிகள் தாங்களே முதல் வகுப்பை எடுத்துவிட்டு பிசினஸ் வகுப்பைப் பெருக்கிக்கொண்டிருக்கின்றன. பெயர் போனாலும் இடைவெளி போகவில்லை. எனக்கு ஞாபகம் வருவது மது தண்டவதே. 1977இல் ரயில்வே மந்திரியான அந்த சோஷலிஸ்ட், மேல்வகுப்பில் கைவைக்காமல், இரண்டாம் வகுப்புத் தூங்கும் பெட்டியின் மரப்பலகையில் இரண்டு அங்குல மெத்தை போட்டார். புரட்சி என்று யாரும் அதைச் சொல்லவில்லை. ஆனால் கோடிக்கணக்கான முதுகுகளுக்கு அது தெரியும். கடைசி வகுப்பின் தரையை உயர்த்தினால் மேல்வகுப்பு விற்கிற பயம் அந்த அளவுக்குச் செல்லாக்காசாகும்.

ஆகவே கேட்க வேண்டியதை அங்குலத்தில் கேட்போம். இருக்கைக்கு இடையே குறைந்தபட்சம் எவ்வளவு என்று நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விதி எழுதட்டும். கழற்றினாலும் கம்பெனிக்கு மிச்சமாகாத வசதிகளை, பயமுறுத்துவதற்காகவே கழற்றுவதைத் தடுக்கட்டும். திருச்சியில் ஏறுகிறவர் இறங்கிய மறுநாளே வேலைக்குப் போக வேண்டும். அவர் முழங்காலுக்கு மூன்று அங்குலம் கேட்பது நம் அரசியலுக்குச் சின்ன விஷயமாகத் தெரிந்தால், சின்னதாக இருப்பது நம் அரசியல்தான்.