சாம்பலும் தளமும்

நெய்வேலி அனல்மின் நிலையங்களில் பழுப்பு நிலக்கரி எரிந்தபின் புகையிலிருந்து பிரித்தெடுக்கப்படும் நுண்துகளான உலர் சாம்பல், கான்கிரீட்டில் சிமெண்டின் ஒரு பகுதிக்கு மாற்றாகச் சேர்ந்து, சிமெண்டு இறுகும்போது வெளிவிடும் சுண்ணாம்போடு வினைபுரிந்து தானும் இறுகுகிறது. உலையில் வெந்த பொருளே வீட்டின் உறுதிக்குத் துணையாவது வியந்து போற்றத்தக்கது.

நெய்வேலி அமைந்துள்ள கடலூர் மாவட்டத்தின் கீற்றுக் கூரை குளிர்ச்சியானதுதான். எனினும் ஒரு பொறிக்கே பற்றிக்கொள்வதும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றி வேய வேண்டியிருப்பதும், 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே போன்ற புயலில் பறந்துபோவதும் ஏழைக் குடும்பத்திற்குத் தீராத செலவாகின்றன.

கீற்றுக்கு மாற்றாகப் போடும் கான்கிரீட் தளமோ எரிவதில்லை, வெப்பத்தையும் மெதுவாகவே கடத்துகிறது. ஆனால் அதனுள் இருக்கும் கம்பி ஏறத்தாழ 550 பாகை செல்சியஸில் தன் வலிமையில் பாதியளவை இழந்துவிடும் என்பதால், தளம் போடுமுன் கம்பிக்கு அடியில் கொத்தனார் வைக்கும் கவர் பிளாக் என்னும் சிறு சிமெண்டுக் கட்டையே உண்மையான காவல்: அது ஒதுக்கித்தரும் 20 மில்லிமீட்டர் கான்கிரீட் உறை தீயின் வெப்பத்தைத் தாமதப்படுத்துவதோடு, ஈரம் நுழைந்து கம்பி துருப்பிடிப்பதையும் தடுத்துப் பிற்காலப் பழுதுச் செலவைக் குறைக்கிறது. இத்தனை மலிவான பொருள் இத்தனை பெரிய பணியைச் செய்வது கட்டடக் கலையில் அரிது.

சாம்பல் கலந்த தளம் மெதுவாகவே வலுப்பெறுமாதலால், பாத்தி கட்டிக் குறைந்தது 10 நாளேனும் தண்ணீர் நிறுத்த வேண்டும்.